இறாலை விட்டுவிட்டு ஆட்டுக்கறியைத் தொடரலாமா?

நீங்கள் கேட்டது இது: வயது 46, ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே அது, 162 என்று வந்திருக்கிறது, உடனே வீட்டில் இறால், நண்டு, கணவாய் மூன்றுக்கும் தடை போட்டாகிவிட்டது, ஆனால் ஆட்டுக்கறி மட்டும் வாரம் மூன்று நாள் வழக்கம்போல் தொடர்கிறது, ஏனென்றால் எங்கேயோ பார்த்த பட்டியலில் இறாலைவிட ஆட்டுக்கறியில் கொலஸ்ட்ரால் பாதிதான். எந்தக் கறியில், எந்த மீனில் எவ்வளவு, எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று வரிசையாகச் சொல்லச் சொல்கிறீர்கள்.

சொல்கிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று: உங்கள் வீட்டில் நிறுத்தவேண்டியதைத் தொடர்ந்துகொண்டு, தொடரக்கூடியதை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் பொய் சொல்லவில்லை, எண்கள் சரிதான். பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் எண் வரிசைகளில் பார்க்கவேண்டிய பத்தியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றும். ரத்தத்தில் இருப்பதையும் கொழுப்பு என்கிறோம், கறியில் வெள்ளையாகத் தொங்குவதையும் கொழுப்பு என்கிறோம், எதிர்த்துப் பேசுகிறவனுக்கு இருப்பதும் கொழுப்புதான். கொலஸ்ட்ரால் வேறு, கொழுப்பு வேறு. கொலஸ்ட்ரால் என்பது மெழுகு போன்ற ஒரு பொருள், விலங்குகளின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இருக்கிறது. செல் இருந்தால் கொலஸ்ட்ரால் இருக்கும். அதனால்தான் கொழுப்பே தெரியாத சிவந்த சதைத் துண்டிலும் அது இருக்கிறது, கொழுப்பு வழியும் துண்டிலும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறது. கொழுப்பு என்பது சேமித்துவைத்த எரிபொருள். அதில் அறை வெப்பத்தில் உறைந்து நிற்கும் வகையை நிறைவுற்ற கொழுப்பு என்பார்கள். உங்கள் எல்.டி.எல்.லை அதிகம் ஆட்டிப்படைப்பது இந்த நிறைவுற்ற கொழுப்புதான், உணவில் வரும் கொலஸ்ட்ரால் இரண்டாம் பட்சம்.

ஏன் அப்படி? உடம்புக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. சாப்பாட்டில் வருவதில் பாதி அளவுக்குத்தான் குடல் உறிஞ்சுகிறது, வரவு கூடினால் பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆக, கொஞ்சம் ஏறும், ஆனால் சாப்பிட்ட கணக்குக்கு ஏறாது. கூடுதலாக 100 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக 2 புள்ளி அளவுக்குக் கூடும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு. நிறைவுற்ற கொழுப்பு வேலை செய்யும் விதம் வேறு. கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன, மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு வாங்கியது இவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான். நிறைவுற்ற கொழுப்பு அதிகம் போனால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிவிடுகிறது. குப்பை வண்டி வாரம் ஒருமுறைதான் வருகிறது என்றால் தெருவில் என்ன ஆகும்? அதுதான் ரத்தத்திலும் ஆகிறது.

(உணவுக் கொலஸ்ட்ரால்மேல் இவ்வளவு பயம் வந்ததில் முயல்களுக்கும் பங்கு உண்டு. 1913இல் ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்தார், ரத்தக் குழாய்களில் படிந்தது. முக்கியமான ஆய்வு, மறுப்பதற்கில்லை. ஆனால் முயல் புல் தின்கிற பிராணி, வாழ்நாளில் கொலஸ்ட்ராலைக் கண்ணால் பார்க்காதது. அதன் உடம்புக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது. நமக்கு ஓரளவு தெரியும்.)

சரி, எண்களுக்கு வருவோம். எல்லாம் 100 கிராமுக்கு, சமைத்தது, தோராயமான கணக்கு. வேறு இடத்தில் கொஞ்சம் மாறி இருந்தால் பதற வேண்டாம். சமைக்கும்போது தண்ணீர் வற்றுவதால் பச்சைக் கறியின் எண்ணும் வெந்த கறியின் எண்ணும் ஒன்றாக இருக்காது, பலர் இரண்டையும் கலந்து ஒப்பிட்டுவிட்டுக் குழம்புவார்கள்.

தோல் இல்லாத கோழி நெஞ்சுக்கறி: கொலஸ்ட்ரால் 85 மில்லிகிராம், நிறைவுற்ற கொழுப்பு 1 கிராம். செம்மறியாட்டுக் கறி, கொழுப்போடு: கொலஸ்ட்ரால் 95, நிறைவுற்ற கொழுப்பு 9 கிராம் வரை. இறால்: கொலஸ்ட்ரால் 190, நிறைவுற்ற கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. இப்போது இந்த மூன்றையும் மறுபடி படியுங்கள். கோழியும் செம்மறியும் கொலஸ்ட்ரால் பத்தியில் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் நிறைவுற்ற கொழுப்பில் ஒன்பது மடங்கு வித்தியாசம். உங்கள் பட்டியலில் முதல் பத்தி மட்டும் இருந்திருக்கிறது.

இன்னும் அழகான உதாரணம் பன்றிக்கறி. முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் இருக்கும் மெலிந்த சதையையும் வயிற்றுப் பகுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாக எடைபோட்டால் இரண்டிலும் கொலஸ்ட்ரால் 65, 72 என்று கிட்டத்தட்ட ஒன்று. வயிற்றுக்கறியில் மொத்தக் கொழுப்பு 53 கிராம், அதில் 19 கிராம் நிறைவுற்றது! மெலிந்த சதையில் மொத்தமே 3, 4 கிராம்தான். ஒரே பன்றி, ஒரே கொலஸ்ட்ரால், ஆனால் உங்கள் எல்.டி.எல்.லுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆகவே "பன்றிக்கறி நல்லதா", "மாட்டுக்கறி கெட்டதா" என்ற கேள்விகளே எனக்குப் பாதிக் கேள்விகளாகத்தான் படும். எந்த மிருகம் என்பதைவிட எந்தப் பாகம், எவ்வளவு கொழுப்பு நீக்கியது என்பதுதான் அதிகம் பேசும். மாட்டுக்கறியும் இப்படித்தான், பின்தொடைச் சதையும் கொழுப்பு கலந்து அரைத்த கொத்துக்கறியும் பெயரளவில்தான் ஒன்று.

ஆட்டுக்கறி என்று நீங்கள் சொல்வது எந்த ஆடு? இதை யாரும் கேட்பதில்லை. மட்டன் என்ற ஒரே சொல்லுக்குள் வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்துவிடுகின்றன. வெள்ளாடு இயல்பிலேயே மெலிந்தது, அது கொழுப்பைச் சதைக்குள் சேர்ப்பதைவிட உள்ளுறுப்புகளைச் சுற்றித்தான் அதிகம் சேர்க்கும். சமைத்த வெள்ளாட்டுச் சதையில் கொலஸ்ட்ரால் 75, மொத்தக் கொழுப்பு 3 கிராம், நிறைவுற்றது 1 கிராமுக்கும் குறைவு. தோல் உரித்த கோழியோடு போட்டிபோடும் எண்கள் இவை. செம்மறி அப்படியில்லை. ஆகவே வாரம் மூன்று நாள் சாப்பிடுவது வெள்ளாட்டின் தொடைச் சதையா, செம்மறியின் நெஞ்செலும்புப் பகுதியா என்பதைக் கறி வெட்டுபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். கூடவே "கொஞ்சம் கொழுப்பும் போடுங்கள்" என்று நீங்களே கேட்டு வாங்குகிற ஆளாக இருந்தால் வெள்ளாட்டின் நன்மை அங்கேயே போச்சு.

கோழியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "நான் சிக்கன் மட்டும்தான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. தோலோடு சாப்பிட்டால் அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. தொடைக்கறி தோலோடு நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம் வரை போகும். வாத்து தோலோடு 9, 10 கிராம். அப்புறம் 2019இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு பலருக்குக் கசந்தது: ஆரோக்கியமானவர்களுக்குச் சில வாரம் சிவப்புக் கறி, சில வாரம் கோழி போன்ற வெள்ளைக் கறி, சில வாரம் கறியே இல்லாமல் பயறு வகை போன்ற புரதம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நிறைவுற்ற கொழுப்பின் அளவைச் சமமாக வைத்தபோது சிவப்புக் கறிக்கும் வெள்ளைக் கறிக்கும் எல்.டி.எல்.லில் வித்தியாசமே இல்லை, கறி இல்லாத சாப்பாட்டில் இரண்டையும்விடக் குறைவாக இருந்தது. கறி எந்த வகையானாலும் நிறைவுற்ற கொழுப்பைக் கூட்டியபோது எல்.டி.எல். ஏறியது. கோழிக்குப் புனிதர் பட்டம் கொடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன், கோழியை விடச் சொல்லவில்லை.

இப்போது தடைசெய்யப்பட்ட இறாலுக்கு வருவோம். 1996இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் நேரடியாகவே சோதித்தார்கள், கொலஸ்ட்ரால் சரியாக இருக்கும் ஆட்களுக்குத் தினமும் 300 கிராம் இறால், அதாவது நாளொன்றுக்கு 590 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். நாம் யாரும் இவ்வளவு சாப்பிடப் போவதில்லை. எல்.டி.எல். 7 சதவீதம் ஏறியது, உண்மைதான். ஆனால் நல்லது என்று சொல்லப்படும் எச்.டி.எல். 12 சதவீதம் ஏறியது, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 13 சதவீதம் இறங்கியது. இதை வைத்து இறால் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எச்.டி.எல். ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பழைய நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டுவிட்டது, அதோடு எல்.டி.எல். ஏறவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் தினமும் 300 கிராமுக்கே இவ்வளவுதான் என்றால், வாரம் ஒருமுறை 150 கிராம் சாப்பிடுகிறவருக்கு அது எவ்வளவு சின்ன விஷயம் என்று யோசியுங்கள்.

கணவாய் இன்னும் பயமுறுத்தும் எண், பச்சையாகவே 230 மில்லிகிராமைத் தாண்டும், ஆனால் கொழுப்பு மொத்தமே ஒன்றரை கிராம்தான். நண்டு 100 சுற்றி, கொழுப்பு மிகக் குறைவு. ஓட்டுக்குள் மஞ்சளாக இருப்பதை வழித்துச் சாப்பிடுவது வேறு கணக்கு, அது ஈரல் மாதிரியான பாகம். சிப்பி, மட்டி வகைகள் இன்னும் குறைவு. இவற்றுக்குப் பழைய புத்தகங்களில் பெரிய பெரிய எண்கள் இருக்கும், காரணம் வேடிக்கையானது: சிப்பிகள் பாசியைத் தின்று, கொலஸ்ட்ராலைப் போலவே இருக்கும் தாவர ஸ்டெரால்களையும் உடம்பில் வைத்திருக்கும், அந்தக் காலத்துச் சோதனை முறைக்கு அதையும் கொலஸ்ட்ராலையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் சேர்த்துக் கொலஸ்ட்ரால் என்று எழுதிவைத்துவிட்டார்கள். பாவம், செய்யாத குற்றத்துக்கு அந்தச் சிப்பிகள் பல வருடம் பழி சுமந்தன.

ஆனால் இறாலையும் கணவாயையும் எதில் பொரிக்கிறீர்கள்? இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 7 கிராம். அரை கிராம்கூட இல்லாத இறாலை எடுத்து, மாவில் தோய்த்து, எண்ணெய் குடிக்கவிட்டுப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, ரிப்போர்ட்டில் எண் ஏறினால் இறால்மேல் பழிபோடுவது நியாயமில்லை. வேகவைத்தோ, குழம்பில் போட்டோ, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் தடவிச் சுட்டோ சாப்பிட்டால் இறால் இறாலாகவே இருக்கும்.

கொலஸ்ட்ரால் எண்ணை உண்மையிலேயே பார்க்கவேண்டிய இடம் உள்ளுறுப்புகள். ஈரல் மாட்டுக்கு 400, கோழிக்கு 550க்கு மேல். சிறுநீரகமும் அந்த வரிசைதான். மூளை? ஆட்டு மூளை, மாட்டு மூளை எதுவானாலும் 2000, 3000 மில்லிகிராம் என்று பேசுகிறோம். "100 மில்லிகிராமுக்கு 2 புள்ளி" என்று மேலே நான் சாவகாசமாகச் சொன்னது இந்த அளவுகளுக்குச் சொன்னதல்ல. ஈரலில் இரும்பும் பி12உம் ஏராளம், ரத்தசோகை உள்ளவர்களுக்கு அருமையான உணவு, மாதம் ஒரு தடவை இரண்டு தடவை சாப்பிட்டால் உலகம் இடிந்துவிடாது. கர்ப்பிணிகள் மட்டும் வைட்டமின் ஏ அளவுக்கு அதிகமாகப் போய்விடும் என்பதால் தவிர்க்கவேண்டும். மூளையை உங்கள் 162ஐ வைத்துக்கொண்டு தொடாதீர்கள். மீன் முட்டையும் கொலஸ்ட்ரால் அதிகம்தான், ஆனால் அதில் ஒமேகா-3 என்ற நல்ல வகைக் கொழுப்பு கூடவே வருகிறது, அளவும் சின்ன அளவாகத்தான் சாப்பிடுவோம்.

மீன். என்னிடம் "ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன், என்ன செய்யலாம்" என்று கேட்டால், வாரத்தில் இரண்டு நாள் ஆட்டுக்கறியை எடுத்துவிட்டு அங்கே மீனை வையுங்கள் என்பேன். மத்தி மீனில் கொலஸ்ட்ரால் 140 வரை இருக்கும், கோழியைவிட அதிகம். முதல் பத்தியை மட்டும் பார்ப்பவர் மத்தியைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கோழியை வாங்குவார். ஆனால் அந்த 100 கிராம் மத்தியில் ஒரு கிராமுக்கு மேல் ஒமேகா-3 இருக்கிறது, நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். கானாங்கெளுத்தி, சால்மன் இரண்டும் கொலஸ்ட்ரால் 60, 70 அளவில், ஒமேகா-3 தாராளம். சூரை கொலஸ்ட்ராலில் இன்னும் குறைவு. ஒமேகா-3 ட்ரைகிளிசரைடைக் குறைக்கும், எல்.டி.எல்.லைக் குறைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், சிலருக்கு அது லேசாக ஏறக்கூடச் செய்யும். மீனால் கிடைக்கும் பெரிய லாபம், தட்டில் அது எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. வாரம் இரண்டு முறை மீன் என்று அமெரிக்க இதயச் சங்கம் சொல்வதும் பொரித்த மீனை அல்ல.

மீனில் கவனிக்கவேண்டியது பாதரசம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று, சின்ன மீன் அதைவிடச் சின்னதைத் தின்று, மேலே போகப் போகப் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சுறா, வாள்மீன், கண் பெரிய சூரை வகை இவையெல்லாம் வருடக்கணக்கில் வாழ்ந்து சேர்த்துவைப்பவை. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. மத்தி மாதிரியான சின்ன மீனுக்கு ஆயுசும் குறைவு, பாதரசமும் குறைவு. யூரிக் அமிலம் கூடி மூட்டுவலி வருகிறவராக இருந்தால் மட்டும் மத்தி, நெத்திலி, ஈரல், சிப்பி எல்லாவற்றையும் நான் இவ்வளவு தைரியமாகப் பரிந்துரைக்க மாட்டேன், உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அவற்றில் அதிகம்.

பதப்படுத்திய கறி, அதாவது சாசேஜ், பேக்கன், சலாமி, ஹாம், இவற்றில் பேரம் கிடையாது. கொலஸ்ட்ரால் பத்தியில் 70, 80 என்று சாதுவாக இருக்கும். உப்பு, கெடாமல் இருக்கச் சேர்க்கும் நைட்ரைட், நிறைவுற்ற கொழுப்பு மூன்றும் கூட்டணி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இவற்றைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது, தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. சிவப்புக் கறியை அதற்கு அடுத்த பிரிவில், "உண்டாக்க வாய்ப்பு உண்டு" என்று வைத்தது. கோழியை வைத்துச் செய்த சாசேஜும் சாசேஜ்தான், உறைமேல் கோழிப் படம் போட்டிருப்பதால் அது மாறிவிடாது.

உங்கள் விஷயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். எல்.டி.எல். குறைக்கவேண்டியவர்கள் நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கலோரியில் 5, 6 சதவீதத்துக்குள் வைக்கவேண்டும் என்பது பொதுவான அறிவுரை, 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது நாளுக்கு 13 கிராம். பால், தயிர், எண்ணெய், பிஸ்கட் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 13. கொழுப்போடு 200 கிராம் செம்மறிக்கறி சாப்பிட்டால் 18 கிராம், அன்றைக்குக் கணக்கு அங்கேயே உடைந்தது. அதே 200 கிராம் வெள்ளாட்டுச் சதை என்றால் 2 கிராம், இறால் என்றால் 1 கிராமுக்குள். இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வீட்டில் படித்துக் காட்டுங்கள். கறி சமைத்தால் முந்தைய நாளே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள், மேலே வெள்ளையாக உறையும் ஏட்டை வழித்து எறிந்துவிட்டுத் தாளியுங்கள், ருசியில் பெரிய நஷ்டம் இருக்காது. அப்புறம், கறியைக் குறைத்த இடத்தில் மைதா, சர்க்கரை என்று நிரப்பினால் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கி ட்ரைகிளிசரைடு ஏறும். பயறு, கடலை, காய்கறி, மீன் என்று நிரப்பினால்தான் பலன்.

இதெல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. சிலருக்கு உணவுக் கொலஸ்ட்ரால் அப்படியே ரத்தத்தில் பிரதிபலிக்கும், சாப்பிட்டுப் பரிசோதித்துப் பார்க்காமல் முன்கூட்டியே யார் என்று சொல்ல முடியாது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எல்.டி.எல். 190ஐத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்களும் இருந்தால் இது சாப்பாட்டால் மட்டும் தீரும் விஷயமாக இருக்காது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குப் பரம்பரையாகவே அந்த ஏற்பிகள் சரியாக வேலை செய்வதில்லை, அவர்கள் இறாலை விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான், மாத்திரை வேண்டும். உங்கள் 162க்கு மாத்திரை வேண்டுமா என்பது ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைபிடிக்கும் பழக்கம், குடும்ப வரலாறு எல்லாம் பார்த்து மருத்துவர் சொல்லவேண்டியது, நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது.

முதலில் செம்மறிக் கொழுப்பையும் கோழித் தோலையும் நிறுத்துங்கள், ஆட்டுக்கறி வாரம் ஒருநாள் வெள்ளாடாக இருக்கட்டும், இரண்டு நாள் மீன், ஒருநாள் பொரிக்காத இறால், மீதி நாள் பயறு. ஆறிலிருந்து எட்டு வாரம் இப்படியே இருந்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் கறியை நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாகப் போய் நிற்காதீர்கள், நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அப்போதுதான் வரும் எண் உங்களுடையதாக இருக்கும்.